அரைப்பிடி மண்

எங்கள் சொந்த ஊர் எது என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தயங்க மாட்டோம். துறையூர்ப் பக்கம் என்று கணீரென்று சொல்லிவிடுவோம். என் அண்ணன் பிள்ளைகள் சொல்வார்கள். துறையூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத என் மருமகன்கூடச் சொல்வார். போன வருஷம் என் மகன் தமிழ்நாட்டுக்குப் போய், துறையூரைச் சுற்றியிருக்கும் ஊர்களில் எல்லாம் விசாரித்துவிட்டு வந்தான். மலாயாவுக்குக் கப்பலேறிப் போன எங்கள் முன்னோரைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். அவனுக்கு ஒரே வருத்தம். எனக்கு வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அந்த ஊர்ப் பெயர் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த அன்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அது சப்பான்காரன் காலம். எனக்கு ஏழோ எட்டோ வயது. எங்கள் ரப்பர்த் தோட்டம் லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்மரம் வெட்டுவது நின்றுபோய், பாதிக் காட்டை அழித்து மரவள்ளி நட்டிருந்தார்கள். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, இரவில் கிழங்கு இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆண்களை சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் கூட்டமாகப் போனார்களே தவிர, திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். அத்தைக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். தோட்டத்திலேயே நன்றாகப் பாடுவாள், நன்றாகச் சண்டையும் போடுவாள். நான் யாரைப்போல் என்று கேட்பவர்களுக்கு அம்மா என் அத்தையைத்தான் கை காட்டுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பிரட்டில், அதாவது காலையில் ஆள் எண்ணும் இடத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு செய்தி சொன்னார். அடுத்த வாரம் சிரம்பானிலிருந்து லோரி வருமாம். இந்த முறை ஆண்களுக்கு இல்லை, கல்யாணமாகாத பெண்களுக்கு. டவுனில் நல்ல வேலை, அரிசிச் சோறு, புதுத் துணி. இதைக் கேட்டதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நான் லோரியில் ஏறியதே இல்லை. அரிசிச் சோற்றைப் பார்த்தும் பல மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தலை பின்னிவிடும் மேல் லயத்து வரிசைவீட்டு அக்காவிடம் ஓடிப்போய், நீங்கள் போவீர்களா என்று கேட்டேன். அவள் என் சடையை வலிக்க வலிக்க இழுத்துப் பின்னினாள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் சயாமுக்குப் போனவர்கள்.

வீட்டிலோ எழவு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். லோரி வருவதற்குள் அத்தைக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை வேண்டுமே. முறைப் பையன்கள் எல்லோரும் சயாமில் இருந்தார்கள். தோட்டத்தில் கல்யாணமாகாமல் மிஞ்சியிருந்த ஒரே இளவட்டம் எங்கள் வண்டிக்காரச் சித்தப்பாதான்.

அவர் மரவள்ளி மூட்டைகளை மாட்டுவண்டியில் லுக்குட்டுக்கு ஏற்றிப் போகிறவர். வண்டி நின்றால் சப்பான்காரனுக்குக் கிழங்கு போகாது. அதனால் அவர் கையில் எழுத்து அச்சடித்த ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கைப்பட்டை இருக்கிற ஆளை ஒருவரும் தொட முடியாது. அவருடைய வீட்டுக்காரியையும் தொட மாட்டார்கள் என்று மண்டோர் அப்பாவின் காதில் போட்டுவைத்தார்.

அப்பா முதலில் மண்டோர்மேல் பாய்ந்தார். பாயத்தானே செய்வார்? சித்தப்பா என்று நான் கூப்பிடுகிறேன் என்றால் அவர் அப்பாவுக்குத் தம்பி முறை, அத்தைக்கு அண்ணன் முறை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மலாயாவுக்கு வந்தவர் என் அப்பாவின் தாத்தா. அவரை நாங்கள் கப்பல் தாத்தா என்போம். வண்டிக்காரச் சித்தப்பாவின் பாட்டனாரும் அதே கப்பலில், அண்ணன் தம்பியாக அவரோடு வந்தவர் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலசாமி. ஓடைக்கரை மரத்தடியில் ஒரு கல்லும், கல்லுக்கடியில் ஊரிலிருந்து எடுத்து வந்த பிடிமண்ணும் இருந்தன. ஒரே பிடிமண்ணைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சித்தப்பாவின் அப்பா செத்தபோது எங்கள் வீட்டிலும் தீட்டுக் காத்தோம், நானும் பொங்கல் இல்லாமல் ஒரு தையைக் கழித்தேன்.

ஆனால் கூடப்பிறந்த அண்ணன் தம்பியா, கப்பலில் சேர்ந்த அண்ணன் தம்பியா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் அண்ணன் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கப்பல் தாத்தா சொல்லாமல் போய்விட்டார். அவர் மகன், என் சொந்தத் தாத்தா, அத்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் அப்பாவின் மனம் இரண்டு நாளில் கொஞ்சம் இளகியது. கப்பல் உறவாகக்கூட இருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். அம்மா உடனே தலையாட்டினாள்.

அத்தைதான் ஆட்டவில்லை.

"அண்ணன்னு கூப்பிட்ட வாயி இது. அவரு முன்னாடி நான் கழுத்த நீட்டணுமா? அதுக்கு லோரியிலயே ஏறிடறேன்" என்றாள்.

அப்பா கெஞ்சினார், திட்டினார், கையை ஓங்கினார். கடைசியில் அத்தை ஒரு வழி விட்டாள். "ரத்தம் வேறன்னு தெரிஞ்ச ஆளு யாராச்சும் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்." லோரி வர இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

தெரிந்த ஆள் லுக்குட்டில் ஒருவர் இருந்தார். கப்பல் தாத்தா வந்த கப்பலில் சின்னப் பையனாக வந்தவர். அந்தத் தலைமுறையில் சுற்றுவட்டாரத்தில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் காலையில் அப்பா சைக்கிளை எடுத்தார். டயர் கிடைக்காத காலம், சக்கரத்தைச் சுற்றி ரப்பர்க் குழாயைக் கட்டியிருந்தார். என்னைத் தூக்கி முன்கம்பியில் உட்காரவைத்தார். அண்ணனை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கெட்டிக்காரி, கேட்டதை மறக்காதவள், அதனால்தான் அப்பா சாட்சிக்கு அழைத்துப் போகிறார் என்று நினைத்தேன். சின்னப் பெண்பிள்ளையோடு போகிற ஆளைச் சப்பான்காரன் சயாமுக்குப் பிடிப்பதில்லை என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்ததை வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முச்சந்தியில் காவல் நின்ற சிப்பாயின் முன் இறங்கி, இடுப்பு வளையக் கும்பிட்டோம். அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போகச்சொல்லிக் கையை அசைத்தான். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவரின் வீடு கடைவரிசைக்குப் பின்னால், பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்தது. அவர் வாசலில் சாக்கை விரித்துக் காயவைப்பதற்கு மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள், குரல் மட்டும் தண்டோராப் போடுகிற குரல். எங்களுக்கு முன்னால் தெமியாங் பக்கத்திலிருந்து ஒரு தாடிக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அப்பா வீட்டுப் பின்புறம் கிணற்றடிக்குப் போனார். நான் படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

தாடிக்காரருக்கும் எங்கள் பிரச்சினைதான். அவர் மகள், பங்காளி முறை ஆகிற ஒரு பையன், ஒரே பிடிமண். பெரியவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கப்பலை அவிழ்த்துவிட்டார். நடுக்கடலில் மழை பிடித்ததாம். கீழ்த்தட்டில் தண்ணீர் ஏறி மூட்டை முடிச்செல்லாம் நனைந்ததாம். ஒருவனுடைய பிடிமண் கரைந்து ஓடிவிட்டதாம். குலசாமியைத் தொலைத்துவிட்டேனே என்று அவன் தலையிலடித்துக்கொண்டு அழுதானாம். பக்கத்தில் படுத்திருந்தவன், அழாதே என்று சொல்லித் தன் மண்ணில் பாதியைப் பிரித்து அவன் துண்டில் முடிந்து கொடுத்தானாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் அண்ணன் தம்பி.

"மண்ணுதான் ஒண்ணு. ரத்தம் வேற, சாதிசனம் வேற. போயி மொதல்ல கல்யாணத்த முடி" என்றார். தாடிக்காரர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கும் அந்த அழுத ஆளை நினைத்து ஒரே பாவமாக இருந்தது.

அப்பா வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பெரியவர் கேட்ட முதல் கேள்வி கப்பல் தாத்தாவைப் பற்றியது இல்லை. பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். லோரி எப்போது வருகிறது என்று கேட்டார். மாப்பிள்ளைப் பையனுக்குக் கைப்பட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் கத்தியைக் கீழே வைத்தார். கப்பலில் யார் அழுதார்கள் என்பதற்கும் கைப்பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரியவர் கண்ணை மூடினார். நடுக்கடலில் மழை பிடித்தது. கீழ்த்தட்டில் தண்ணீர் ஏறியது. மூட்டை நனைந்து பிடிமண் கரைந்தது. இந்தமுறை அழுதவர் எங்கள் கப்பல் தாத்தா. பாதி மண்ணைப் பிரித்துக் கொடுத்தவர் சித்தப்பாவின் பாட்டனார்.

அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடுத்தது நாங்கள், வாங்கியது அவர்கள் என்று வந்திருந்தால் அவருக்கு இன்னும் பிடித்திருக்கும். "மண்ணு அவங்களுதுன்னா, அப்ப எங்க ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

பெரியவர் ஒரு கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினார். "தொறையூருப் பக்கம்" என்றார்.

எங்கள் ஊர் எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான். எழுந்திருக்கும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பாதி மண்ணைத் திருப்பிப் பிரித்து அவர்கள் பங்கை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தாலி கட்டச்சொன்னார். அப்போதுதான் சாமி ஒப்பும் என்றார்.

திரும்பும் வழியில் அப்பா சைக்கிளை வேகமாக மிதித்தார். தாடிக்காரருக்கும் இதே கதைதான் என்று சொல்ல எனக்கு நாக்குத் துருதுருத்தது. பெரியவருக்கு வயதாகி மறதி வந்துவிட்டது, யார் கதையை யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் குழப்புகிறார், அதைக் கண்டுபிடித்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று எனக்கு அத்தனை பெருமை. கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான் என்பது அப்போது என் கணக்கில் வரவில்லை. லயத்துக்கு வந்து இறங்கியதும் அப்பா வாசலில் நின்றே எல்லோருக்கும் கதையைச் சொன்னார். பெரியவர் மழை என்றுதான் சொன்னார். அப்பா சொன்னபோது அது புயலாகிப் பாய்மரம் முறிந்தது.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துலயே இருந்தியா?"

"இருந்தேன்."

"எங்கண்ணன் புளுகுனாலும் புளுகும். அந்தப் பெரியவரு என்ன சொன்னாரு, நீ சொல்லு."

என்னைவிட நல்ல சாட்சி அவளுக்குக் கிடைத்திருக்க முடியாது. பெரியவர் மாதிரியே கண்ணை மூடி, குரலைக் கனமாக்கி, முழுவதையும் சொன்னேன். முதலில் தாடிக்காரர் கதை, பிறகு எங்கள் கதை. கைப்பட்டையைப் பற்றிக் கேட்டதையும் விடவில்லை.

அத்தை வாளி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. "அந்தாளுக்கும் இதையேதான் சொன்னாரா?"

"ஆமா அத்தை. ஒரு சொல்லு மாறல."

அத்தை சிரித்தாள். லோரிச் செய்தி வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, குழாயடியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "பாவம், எத்தன பேருக்குத்தான் பிச்சுக் குடுப்பாரு அந்தப் பெரியவரு" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "போயி ஒங்கப்பாகிட்ட சொல்லு, அத்த சரின்னுட்டாள்னு" என்றாள்.

நான் சொன்னதைக் கேட்டு அத்தை மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சரி என்றதுதான் புரியவில்லை. புளுகு என்று தெரிந்த பிறகா சம்மதிப்பார்கள்? ஆனால் என் சாட்சியம் வேலை செய்துவிட்டது என்று தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரையில் அப்பா கல்லைப் பெயர்த்தார். அடியில் ஒரு சின்ன மண்கலயம் இருந்தது. அப்பா அதிலிருந்து மண்ணை அள்ளினார், உள்ளங்கையில் வைத்துப் பாதியைப் பிரித்தார். அதைச் சித்தப்பா தன் துண்டில் முடிந்துகொண்டு ஓடையைத் தாண்டிப்போய், எதிர்க்கரையில் குழி தோண்டிப் புதைத்து ஒரு கல்லை நட்டார். எப்போதோ கடலில் நடந்ததோ இல்லையோ, எங்கள் ஓடையில் என் கண்ணெதிரே நடந்தது. ஓடைக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நின்று சித்தப்பா அத்தையின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். தாலிக்குப் பொன் இல்லை, ஒரு துண்டு மஞ்சளைத்தான் கோத்திருந்தார்கள். சாப்பாடு மரவள்ளிப் புட்டு.

அன்று முழுக்க உறவுமுறையைத் திருத்துவதே எங்களுக்கு வேலையாயிற்று. அப்பா பழக்கத்தில் "தம்பி" என்று ஆரம்பித்து, விழுங்கி, "மாப்ள" என்று முடித்தார். கொழுந்தனாக இருந்தவர் அம்மாவுக்கு அண்ணனாகிவிட்டார். கூடப்பிறந்த அண்ணன் இல்லாத அம்மா அதில் மட்டும் பூரித்துப்போனாள். சித்தப்பாவை நான் மாமா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகு என்று அத்தை என்னை விரட்டினாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து மாமா, மாமா என்று வாய்ப்பாடு மாதிரிச் சொன்னேன். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

லோரி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கல்யாணமான பெண்களைப் புருஷனோடு ஒரு பக்கம் நிற்கச்சொன்னார்கள். அவசரக் கல்யாணங்கள் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்போல. சிப்பாய்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த தமிழர் ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தையின் புது மஞ்சள் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமாவின் கைப்பட்டையைப் பார்த்தார். பெரியவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் குனிந்தார்.

"பாப்பா, இவரு ஒனக்கு யாரு?"

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. பிறந்ததிலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்ட வாய். ஆனால் நான் கெட்டிக்காரி என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

"மாமா" என்றேன். "எங்க அத்த வீட்டுக்காரரு. அவங்களுக்குச் சாமி வேற, எங்களுக்குச் சாமி வேற. எங்க ஊரு தொறையூருப் பக்கம்."

அவர் என் தலையைத் தடவிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

லோரியில் எங்கள் தோட்டத்திலிருந்து சில பெண்கள் ஏறினார்கள். எனக்குத் தலை பின்னிவிடும் மேல் லயத்து அக்காவும் ஏறினாள். அவளுக்காக லுக்குட்டுக்குப் போய் ஊர் கேட்டு வர ஆள் இல்லை. கையில் ஒரு துணி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பலகை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். லோரி, டவுன், அரிசிச் சோறு, புதுத் துணி. அத்தை மட்டும் கல்யாணம் செய்துகொள்ளாமல் லோரியில் போயிருந்தால் என்னையும் ஒரு நாள் கூட்டிப்போயிருப்பாளே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. லோரி கிளம்பியதும் நான் எம்பி எம்பிக் கையை ஆட்டினேன். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு சட்டைத்துணி வாங்கிட்டு வாங்கக்கா என்று கத்தினேன்.

அத்தை என் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள். புழுதி அடங்கி, லோரிச் சத்தமும் ஓய்ந்து, மற்றவர்கள் எல்லோரும் லயத்துக்குத் திரும்பிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கை வலிக்குது அத்தை, விடுங்க என்றேன். அவள் விடவில்லை.